ஏறி இறங்கும் தூரத்தில் ஒரு குன்று

நம் செட்டிநாட்டில் தண்ணீர்மலை என்று பெயர் கொண்ட பெரியவர்கள் உண்டு. அந்த மலை நம் சீமையில் இல்லை; கடல் தாண்டிப் பினாங்குத் தீவில் இருக்கிறது. அருவிக்குப் பக்கத்தில் எழுந்த பாறைக் குன்று. உச்சியில் பாலதண்டாயுதபாணி கோயில். ஏறிப்போக 513 படிகள். இப்போதுள்ள கோயிலைப் பெரிதாக எடுத்துக் கட்டிக் குடமுழுக்குச் செய்தது 2012-ல். கீழே அருவிச் சாலையில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கோயில். தைப்பூசத்துக்கு முருகனைச் சுமந்து அங்கே வந்து சேரும் வெள்ளி ரதம், 1894-ல் நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனது.

கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, கடல் தாண்டிப் போன நகரத்தாருக்கு அங்கே ஒரு குன்று ஏன் அவ்வளவு வேண்டியதாயிற்று?

அவர்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியை நினைத்துப் பாருங்கள். நீளமாக ஒரே கூடம். வரிசையாகப் பெட்டியடிகள். ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது ஒவ்வொரு கடைக்கும், ஒரு பாய், சாய்வாக ஒரு மேசைப்பெட்டி, பக்கத்தில் இரும்புப்பெட்டி. பகலெல்லாம் அந்த இடம்தான் கடை. ராத்திரி படுக்கையும் அங்கேதான். ஆச்சியையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு, ஒரு கணக்குக்கு மூன்று வருஷம். மேலாளுக்கும் அதே பாடு, அடுத்தாளுக்கும் அதே பாடு, பெட்டியடிப் பையனுக்கும் அதே பாடு. கண்ணுக்கு முன்னால் எந்நேரமும் வட்டியும் தவணையும் பேரேடும்தான்.

சம்மணம் கொட்டியே நாளைக் கழித்த மனுஷர் ஒருவர் அந்தக் குன்றில் ஏறுகிறார் என்று வையுங்கள். முதலில் முழங்கால் முரண்டு பிடிக்கும். பிறகு மூச்சு வாங்கும். பாதியில் நின்று திரும்பினால், தான் இருந்த ஊர் மொத்தமும் காலுக்குக் கீழே. கூரைகள், துறைமுகம், அதற்கப்பால் கடல். காலையில் தூக்கத்தைக் கெடுத்த வராக்கடன் அந்தக் கூரைகளில் எதற்குக் கீழே இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்!

நம் குன்றக்குடியும் இதைத்தான் செய்கிறது. காரைக்குடியிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம். அடிவாரத்தில் பாண்டியர் காலத்துக் குடைவரைகள், மேலே மருது சகோதரர்கள் திருப்பணி செய்த சண்முகநாதர் கோயில். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் ஒன்றுகூடிப் பழனிக்கு நடை கட்டுவதும் இங்கிருந்துதான். பங்குனி மாதத்தில் பத்து மணிக்குமேல் அந்தக் கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது. விடிகாலையில் போனால் அதே கல் ராத்திரிக் குளிர்ச்சியோடு உள்ளங்காலைத் தாங்கிக்கொள்ளும். உச்சியில் நின்றால் கண்மாயும் ஓட்டு வீடுகளும் ரோட்டில் ஊர்கிற பஸ்ஸும் தெரியும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகத்தான் ஏற வேண்டும்.

பெரிய மலைக்குப் போவதென்றால் லீவு வேண்டும், பணம் வேண்டும், துணை வேண்டும். அங்கே போனவர் மலையைப் பார்த்துவிட்டு வருகிறார். சின்னக் குன்றில் ஏறுகிறவர் தன் ஊரைப் பார்க்கிறார். தன் வீடு எவ்வளவு பெரிது, தன் சண்டை எவ்வளவு சிறிது என்று ஒரு நிதானம் கிடைக்கிறது. கடன் தீர்ந்துவிடாது, பேச்சை நிறுத்திய பங்காளி பேசிவிட மாட்டார். ஆனால் இறங்கி வந்து அவற்றை எடுத்துப் பார்க்கும்போது கை நடுங்காது. கடை திறக்கிற நேரத்துக்குள் திரும்பிவிடலாம் என்பதுதான் சின்னக் குன்றின் பெரிய குணம். பிழைப்பை விட்டுவிட்டு வா என்று அது யாரையும் கூப்பிடுவதில்லை.

ஆகவே இந்த வாரம் ஒரு நாள், வெயிலுக்கு முந்தி, குன்றக்குடியோ திருமயம் கோட்டைப் பாறையோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் ஏறுங்கள். சாமி கும்பிட ஏறினாலும் சரி, காற்று வாங்க ஏறினாலும் சரி. மூச்சு வாங்கினால் தாராளமாக நின்றுகொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை.