கொடியில் ஓர் இடம்

கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்ட பட்டுப் புடவையை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பு மாற்றிப் பெட்டியில் வைத்துப் பேணுகிற நாம், பகல் முழுவதும் சரீரத்தோடு ஒட்டியிருந்து வியர்வையையும் உராய்வையும் தாங்குகிற உள்ளாடைகளை மட்டும் ஏன் இத்தனை அலட்சியமாக நடத்துகிறோம் என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. கூச்சம் என்பது ஸ்திரீகளுக்கு அழகென்று சொல்லிச் சொல்லியே வளர்த்த சமூகத்தில், மறைக்க வேண்டிய பொருள் பேணவும் வேண்டாத பொருளாகிவிட்டது என்பதே என் அபிப்பிராயம்.

இந்த உள்ளாடைகளில் ஒன்றான பிராவின் சரித்திரமே மென்மையை நாடியதுதான். விறைத்த கச்சு வேண்டாமென்று, இரண்டு கைக்குட்டைகளையும் ஒரு ரிப்பனையும் சேர்த்துத் தைத்து அணிந்த மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்னும் அமெரிக்கப் பெண், 1914-இல் அதற்குக் காப்புரிமை பெற்றாள். 1958-இல் டுபாண்ட் கம்பெனியின் ரசாயன நிபுணர் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய ஸ்பான்டெக்ஸ் இழை, பல மடங்கு நீண்டு மறுபடி சுருங்கும் சக்தியை இத்தகைய உடைகளுக்குத் தந்தது. அந்தச் சக்தியைக் கெடுக்கும் சத்துருக்கள் கொதிநீரும் குளோரின் கலந்த பிளீச்சிங் பவுடரும்.

துவைப்பதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டியதில்லை. பச்சைத் தண்ணீரில் காரம் குறைந்த சோப்பைச் சிறிது கரைத்து, லேஸில் சிக்கி இழையை இழுக்காதபடி கொக்கிகளை முதலில் மாட்டிவிட்டு, துணியைக் கால் மணி நேரம் ஊறவைத்து, வியர்வை தங்கும் அடிப்பட்டியை விரல் நுனியால் மெள்ளத் தேய்த்து, நுரை போகும்வரை அலச வேண்டும். கல்லில் அடிப்பதும் முறுக்கிப் பிழிவதும் கூடாது. உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்தி நீரை வடித்து, உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி ஒரு தரம் அமுக்கினால், மிச்ச ஈரத்தைத் துண்டு உறிஞ்சிக்கொள்ளும். பட்டாக இருந்தால், நம் பாட்டிமார் பட்டுப் புடவைக்குப் போட்ட பூந்திக்கொட்டை நீரே இதற்கும் உத்தமம்.

இவ்வளவும் செய்தபின் அந்தத் துணி எங்கே உலர்கிறது என்று பார்த்தால்தான் மனம் வேதனைப்படுகிறது. ஆண்களின் பனியன்கள் மொட்டை மாடியில் காற்றும் வெயிலும் வாங்கிக்கொண்டிருக்க, அதே வீட்டுப் பெண்ணின் உள்ளாடை குளியலறைக் கதவின் பின்புறத்து ஆணியிலோ, சொட்டும் பாவாடைக்கு அடியிலோ, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற பயத்தோடு ஒடுங்கிக் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது இரண்டு நாளானாலும் உலராது. அவசரத்தில் அந்த அரை ஈரத்தையே அணிந்துகொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு, ஈரத்தில் செழிக்கும் பூஞ்சையால் படர்தாமரையும் ஓயாத அரிப்பும் வருவதில் ஆச்சரியம் என்ன? அதையும் வைத்தியரிடம் சொல்லக் கூசி, முகப்பவுடரைத் தூவிக்கொண்டு மாதக் கணக்கில் சகித்திருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். ஒரு துணியை மறைக்கப்போய் ஒரு நோயையும் மறைத்துக்கொள்ளும் இந்த அவஸ்தையை நாணம் என்று போற்ற எனக்கு மனம் வரவில்லை. பருத்தி உள்ளாடைக்கு நல்ல வெயில் வேண்டும். எலாஸ்டிக்கும் லேஸும் உள்ளதற்குக் கடும் வெயில் ஆகாது, காற்றோட்டமான நிழல் போதும். இரண்டில் எதற்கும் குளியலறை இருட்டு ஏற்றதல்ல.

தோழிகளே, பட்டி தளர்ந்து இற்றுப்போனதை இன்னும் ஒரு மாதம் என்று ஓட்டாமல் கழித்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களே, மாடியில் பனியன்கள் காயும் கொடியிலேயே உங்கள் பெண்ணுக்கும் மருமகளுக்கும் இடம் விடுங்கள். அதைப் பார்த்து யாரும் முகம் சுளிக்காமல் இருப்பதற்கு நீங்களே பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.