மேனிக்குப் பால் எதற்கு?

உண்ணும் பொருளிலும் உண்ணும் வேளையிலும் அஹிம்சையை நோக்கி நடக்கும் நம் சமூகத்தார், மேனியிற் பூசும் பொருளில் அதனை நோக்குகின்றனரா? இவ்வினாவை நம் முன் வைத்தவள் நம் பேத்தியே.

சென்ற தைத் திங்களில் ஒரு மாலை, ஒசூர் சிப்காட் வளாகத்துத் தொழிற்கூடம் ஒன்றில் பணிபுரியும் அவள், வீடு திரும்பியதும் இரு கைகளையும் விரித்துக் காட்டினாள். விரல் மடிப்புகளில் தோல் வெடித்துக் குருதி கசிந்திருந்தது. ஒசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்தது. பனிக்காலத்து வறண்ட காற்று ஒருபுறம். நாளில் பன்முறை சோப்பிட்டுக் கை கழுவ வேண்டிய தொழில் மறுபுறம். உடன் பணிபுரியும் பெண் காய்ச்சாத பசும்பாலைத் தடவச் சொன்னாளாம். கடைக்காரரோ பாதாம் பால் கலந்த களிம்பு ஒன்றைக் கொடுத்தாராம். “பாட்டி, நம் அறத்துக்கு இவற்றுள் எது பொருந்தும்?” என்று கேட்டாள்.

வினா சிறிது, ஆயினும் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

பால் என்னும் பெயர்

பொருளை ஆராயுமுன் சொல்லை ஆராய்க என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் கற்ற முதற்பாடம். இவ்வெல்லைப் புறத்தில் மும்மொழி வழங்கும். தமிழர் தேங்காய்ப் பால் என்பர்; தெலுங்கர் கொப்பரி பாலு என்பர்; கன்னடர் காயி ஹாலு என்பர். ராகியை ஊறவைத்து அரைத்து, வெள்ளைத் துணியில் இட்டுப் பிழிந்த சாற்றையும் இப்பக்கத்துத் தாய்மார் பால் என்றே அழைத்து, காய்ச்சிக் குழந்தைக்கு ஊட்டுவர். 2021-ஆம் ஆண்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் தாவரப் பானங்களின் உறைகளிலிருந்து ‘பால்’ என்னும் பெயரை நீக்கப் பணித்தபோதும், தேங்காய்ப் பால் போன்று வழக்கில் வேரூன்றிய பெயர்களுக்கு விலக்களித்தது. தாவரப் பால் என்பது இன்று மேனாட்டிலிருந்து வந்திறங்கிய புதுமை அன்று. நம் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் பழகிய பொருளே.

ஆயினும் பால் எனப் பெயர் பெற்றவை எல்லாம் நல்லன அல்ல. எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் தோலைப் புண்ணாக்கும். கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. ஆல், அரசு, அத்தி, இத்தி முதலிய ஐவகைப் பால்மரக் கனிகளை, சிற்றுயிர்களின் உறைவிடம் என்பதனால் நம் முன்னோர் விலக்கினர். எனவே ‘தாவரம்’ என்னும் ஒரு சொல் மட்டுமே அறத்துக்குச் சான்றாகிவிடாது.

கன்றின் பங்கு

1996-ஆம் ஆண்டில் நம் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. அவள் மாநிறத்தவள். மணநாளுக்குள் மேனி சற்று வெளுக்க வேண்டும் என்னும் பேராசை நமக்கு உண்டாயிற்று. அண்டை வீட்டில் பசு ஒன்று கன்று ஈன்றிருந்தது. நாற்பது நாள், நாளுக்கொரு செம்பு பால் விலைக்கு வாங்கி, அவள் முகத்திலும் கைகளிலும் பூசிக் குளிக்கச் செய்தோம்.

ஒரு விடியற்காலை நாமே செம்புடன் சென்றோம். பால் சுரப்பதற்காகக் கன்றைச் சிறிது நேரம் மடியில் விட்டு, உடனே இழுத்துக் கட்டினார் அவ்வீட்டம்மாள். கன்று கயிற்றை இழுத்து இழுத்துக் கதறிற்று. “இன்னும் கொஞ்சம் குடிக்கட்டுமே” என்றோம். “கன்றுக்கு விட்டால் உங்கள் செம்பு நிறையாதே, டீச்சரம்மா” என்றார். அவர்மீது குற்றமில்லை, செம்பு கொண்டு சென்றவர் நாம். நிறைந்த செம்புடனேயே வீடு திரும்பினோம். அது காளைக்கன்று. திருமணம் முடிந்த மறுவாரம் சந்தைக்குப் போயிற்று. எங்கே போயிற்று என்று கேட்க நமக்குத் துணிவு வரவில்லை.

பேத்தியின் வினா நம் உறக்கத்தைக் கெடுத்தது இதனால்தான்.

பயனில்லாத் தீங்கு

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்று அனர்த்ததண்ட விரதம். பயனின்றி உயிர்களுக்கு விளைக்கும் தீங்கை விட்டொழித்தல் என்பது அதன் பொருள். உழுவதிலும் சமைப்பதிலும் வீடு பெருக்குவதிலும் நேரும் ஆரம்ப ஹிம்சையை இல்லறத்தான் முற்றும் தவிர்க்க இயலாது என்பதை நம் ஆகமங்கள் அறியும். ஆதலின் தேவை உள்ள இடத்தில் அளவையும், தேவையற்ற இடத்தில் விலக்கையும் விதித்தன.

பாலை உணவாகக் கொள்ளுதல் தகுமா என்பது இந்நாளில் நம் இளைஞர் எழுப்பும் பெருவினா. அதற்கு இங்கு முடிவு கூறப் புகவில்லை. உணவு என்னும்போது குழந்தை, நோயாளி, முதியோர் என ஒரு தேவையைச் சுட்டவாவது இடமுண்டு. மேனி மினுமினுப்புக்கு அவ்விடமும் இல்லை. அதே பயனைத் தரும் தேங்காய் அடுக்களையில் இருக்கையில் கன்றின் பங்கை எடுத்துக் கன்னத்தில் பூசுவது அனர்த்ததண்டம் அன்றி வேறென்ன?

“பெருமானுக்கே பாலபிஷேகம் செய்கிறோமே” என்று அன்பர் ஒருவர் வினவலாம். சிரவணபெளகொளத்தில் 57 அடி உயரமுடைய பாகுபலி பெருமானுக்கு 2018-ஆம் ஆண்டு நிகழ்ந்த மகாமஸ்தகாபிஷேகத்திலும் இளநீர், கரும்புச் சாறு, சந்தனம், மஞ்சள் ஆகியவற்றோடு பாலும் சொரியப்பட்டது. ஆயின் அங்கு வழங்கும் குள்ளக்காயஜ்ஜி வரலாற்றை நினைவிற் கொள்க. சாமுண்டராயர் குடங்குடமாகச் சொரிந்த பால் பெருமானின் திருமேனி முழுவதையும் நனைக்கவில்லை. ஏழை மூதாட்டி ஒரு சிறு காய்க்குடுவையில் கொணர்ந்த பால் திருவடி வரை வழிந்தோடியது என்பர். நான் என்னும் எண்ணத்தைக் கரைப்பதற்காகச் செய்யப்படுவது வழிபாடு. நான் என்பதை மெருகேற்றச் செய்யப்படுவது ஒப்பனை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நியாயப்படுத்தல் ஆகாது.

“தாவரத்துக்கும் உயிர் உண்டே” என்பது அடுத்த தடை. உண்மை. அதனை ஓரறிவுயிர் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருபவர்கள் நாமே. பசுவோ ஐந்தறிவும் மனமும் உடையது; கன்றை அறியும், பிரிவை அறியும். தீங்கில் ஏற்றத்தாழ்வு உண்டு என்பது நம் கொள்கை. ஆயினும் குறைந்த தீங்கும் தீங்கே ஆதலின், மேனிக்கென்று தனியே ஒரு தேங்காய் உடைத்தல் வேண்டா. குழம்புக்கு உடைத்த தேங்காயில் ஒரு கரண்டிப் பால் போதும். சக்கை துவையலுக்கு ஆகும்.

தோலுக்கு அது செய்வது

தோலின் மேலடுக்கைச் செங்கற்சுவர் எனலாம். உயிரணுக்கள் கற்கள், இடையிலுள்ள கொழுப்பு சாந்து. சோப்பு அச்சாந்தைக் கழுவிவிட, உள்ளிருக்கும் நீர் ஆவியாகித் தோல் வெடிக்கிறது. தேங்காய்ப் பால் நீரும் கொழுப்பும் கலந்தது. நீர் தோலை நனைக்கும். கொழுப்பு அந்த ஈரம் விரைந்து போகாமல் தடுக்கும். முதற்பாலில் கொழுப்பு மிகுதி. பின்னர்ப் பிழிவதில் குறைவு. தோல் வறட்சி அழற்சியுடைய 117 குழந்தைகளிடம் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கனிம எண்ணெயினும் தேங்காய் எண்ணெய் மிக்க நலம் தந்தது. இது எண்ணெய் பற்றிய முடிவு. பாலுக்கும் அப்படியே ஏற்றிச் சொல்லுதல் நேர்மையன்று. 2003-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நுண்ணிய ஓட்ஸ் மாவைத் தோல் காக்கும் பொருளாக ஏற்றது. நம் ராகிப் பாலுக்கு அத்தகைய சான்றிதழ் வேண்டுவதில்லை. சோப்பைக் குறைத்து முகம் கழுவ அது உதவினால் போதும்.

தயிரும் கடலைமாவும் கலந்து முகத்தில் பூசும் வழக்கம் நம் இல்லங்களிலும் உண்டு. இவ்விரண்டும் கலந்து உண்ணலாகாது என்னும் துவிதள விலக்கு நாவுக்கு உரியதே. எனினும் தயிருக்கு மாற்றாகத் தேங்காய்ப் பாலைச் சேர்த்தால் ஐயத்துக்கே இடமில்லை.

சில எச்சரிக்கைகள் தேவை. முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். பாதாம், நிலக்கடலை, சோயா ஆகியவை சிலர்க்கு ஒவ்வாமையைத் தரும். பருவுள்ள முகத்துக்குத் தேங்காய்ப் பால் ஆகாது. குருதி கசியும் வெடிப்பின்மேல் இடாமல் சுற்றிலும் தடவிப் பத்து நிமிடத்தில் கழுவுக. ஆறாத புண்ணுக்கு மருத்துவரே துணை.

கறந்த பாலை ஒரு முகூர்த்தத்துக்குள், அதாவது 48 நிமிடத்துக்குள், வடிகட்டிக் காய்ச்சிவிட வேண்டும் என்று நம் பெரியோர் விதித்தனர். பின்னர் அதில் சிற்றுயிர்கள் தோன்றும் என்றனர். பிழிந்த தாவரப் பாலையும் அவ்விதிக்கு உட்படுத்துக. வைத்த பாலில் நுண்ணுயிர் பெருகும் என்பதையே இன்றைய அறிவியலும் கூறுகிறது.

தொலைவிலிருந்து வரும் பால்

பேத்தி கொணர்ந்த களிம்பின் செய்தி என்ன? உலகின் பாதாமில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்கக் கலிபோர்னியாவில் விளைவது. பூக்கும் பிப்ரவரித் திங்களில், மகரந்தச் சேர்க்கைக்காக இலட்சக்கணக்கான தேனீப் பெட்டிகளை லாரிகளில் ஏற்றிப் பல மாநிலங்கள் கடந்து அங்குக் கொண்டுசெல்கின்றனர். தேனை விலக்கும் நாம் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். காவேரிப்பட்டணத்துத் தேங்காயும் தேன்கனிக்கோட்டை ராகியும் அருகில் இருக்க, அவ்வளவு தொலைவு செல்வானேன்?

மேலும், உறையின் முன்புறத்தில் எழுதியதை மட்டும் நம்பலாகாது. பின்புறத்துச் சேர்மானப் பட்டியலைப் படித்தல் வேண்டும். சோடியம் டாலோவேட் என்பது விலங்குக் கொழுப்பு; லனோலின் ஆட்டு மயிரிலிருந்து எடுக்கும் மெழுகு; கேசின் பாற்புரதம்; கார்மைன் என்னும் செந்நிறம் பூச்சிகளை உலர்த்தி அரைத்தது. ஒப்பனைப் பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பதை 2014-ஆம் ஆண்டில் நம் நாடு தடை செய்தது. சட்டம் செய்யக்கூடியது அவ்வளவே. எஞ்சியது வாங்குவோர் கையில் உள்ளது.

காப்பதும் மினுக்குவதும்

நம் முனிவர்கள் நீராடாமையை மூலகுணங்களுள் ஒன்றாக ஏற்றவர்கள். இல்லறத்தார்க்கு அவ்வளவு கூறவில்லை. உடல் அறம் செய்தற்குரிய கருவி ஆதலின் அதனைக் காத்தல் கடமை. வெடித்த கைக்கு மருந்திடுதல் காப்பு. மாநிறத்தை வெளுக்க முயலுதல் காப்பன்று. நிறத்தை மாற்றும் ஆற்றல் எந்தப் பாலுக்கும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மகள் பேச்சுவாக்கில் ஒன்று கூறினாள்: “புகுந்த வீட்டில் ஒருவரும் என் நிறத்தைப் பற்றிக் கேட்டதில்லை, அம்மா. கேட்டவர் நீங்கள் ஒருவரே.” ஒரு செம்புப் பாலில் இரண்டு உயிர்களை வருத்தியிருந்தோம் என்பது அன்றுதான் விளங்கிற்று. கன்றின் வாயை மட்டுமா? பெற்ற மகளின் நெஞ்சையும் அல்லவா வாட்டினோம்!

பேத்திக்கு நாம் கூறிய விடை இதுவே: “களிம்பைத் திருப்பிக் கொடுத்துவிடு. பசும்பால் வேண்டா. காலையில் குழம்புக்குப் பிழியும் தேங்காய்ப் பாலில் ஒரு கரண்டி எடுத்துக்கொள்; இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்; சோப்பைக் குறை.” மூன்று வாரத்தில் விரல் மடிப்புகள் ஆறின. கைகளின் நிறம் மாறவில்லை. தாயின் கைகளைப் போன்றே மாநிறமாக, நலமாக இருக்கின்றன. அவற்றைப் பற்றி நாம் அவளிடம் வேறொன்றும் சொல்லவில்லை.

ஜீவதயை ஓங்குக!