இடம்புரி

இரண்டு மதிப்பெண்ணைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவது கொஞ்சம் அதிகம்தான். மொத்தமே நான்கு மதிப்பெண் கேள்வி. அதில் பாதியை நான் வெட்டினேன். அந்தப் பையன் பாஸாகிவிட்டான், யாரும் எங்கேயும் புகார் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்த விடைத்தாள் இன்னும் கண்ணுக்குள் கிடக்கிறது.

நான் விலங்கியலில் முழுநேர ஆய்வு மாணவன். சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம். பிஎச்.டி. சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில் ஒரு நாள் கைடு கூப்பிட்டு, "நாளையிலருந்து செகண்ட் இயர் பிராக்டிகல நீ பாத்துக்கோப்பா" என்றார். அவ்வளவுதான் நியமனம். காகிதம் கிடையாது, சம்பளம் கிடையாது. 2022 நவம்பரில் வந்த யூஜிசியின் பிஎச்.டி. ஒழுங்குமுறையில் இதற்கு இடம் இருக்கிறது: ஆய்வு மாணவர்களுக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் வரை பயிற்சி வகுப்பு, ஆய்வக வேலை, விடைத்தாள் திருத்துதல் ஆகியவற்றைக் கொடுக்கலாம். ஜேஆர்எஃப் வாங்குகிறவர்களுக்கு மாதம் 37,000 ரூபாய் வருகிறது, அவர்கள் பாடு பரவாயில்லை. நெட் எழுதித் தேறினாலும் ஜேஆர்எஃப் கிடைக்காத என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஆறு மணி நேரம் தர்மக் கணக்கு. அதே நவம்பரில்தான் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆசிரிய உதவியாளர்களும் ஆய்வாளர்களுமாக 48,000 பேர் ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். செய்தியைப் படித்துவிட்டு ஹாஸ்டலில் சிரித்தோம். அவர்களுக்கு நிறுத்துவதற்கு ஒரு வேலையாவது இருந்தது. நாங்கள் செய்வதற்குப் பெயரே இல்லை.

காசு விஷயத்தை இத்தோடு விடுகிறேன். அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என் சிக்கல் வேறு. காரிடாரில் என்னை 'அண்ணா' என்று கூப்பிடுகிற பிள்ளைகள் லேபுக்குள் வந்ததும் 'சார்' என்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கதவைத் தாண்டியதும் அவர்களாகவே மாற்றிக்கொண்டார்கள். அண்ணனுக்கும் சாருக்கும் நடுவில் இருந்ததெல்லாம் ஒரு சிவப்பு மை பேனா.

2023 டிசம்பர் 17 ராத்திரி நினைவிருக்கும். செந்தூர் எக்ஸ்பிரஸ் எங்கள் ஊர் ஸ்டேஷனில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனதே, அந்த வெள்ளம். தாமிரபரணி ஓரத்து ஊர்களில் இருந்து வந்த பிள்ளைகளில் பல பேருக்கு அந்தத் தண்ணீரோடு ரெக்கார்டு நோட்டும் போய்விட்டது. ஜனவரியில் கல்லூரி திறந்தபோது, போன செமஸ்டரின் பிராக்டிகலுக்கு ரெக்கார்டு இல்லாமல் நின்றார்கள். வழி ஒன்றுதான். வெள்ளத்தில் தப்பித்த நோட்டுகளைப் பார்த்து எழுதினார்கள். வெங்காய வேர்நுனியில் செல் பிரிதல், கரப்பான் வாயுறுப்பு, தவளையின் ரத்த ஓட்ட மண்டலம். தவளையை இவர்கள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. 2014-இல் யூஜிசி விலங்கியல் வகுப்புகளில் அறுத்துப் பார்ப்பதை நிறுத்தச் சொன்ன பிறகு தவளை எங்களுக்குச் சுவரில் தொங்கும் படம்தான். (அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் படத்தில் இருக்கும் தவளைக்கு எப்போதும் எல்லா நாளமும் சரியான இடத்தில் இருக்கும், அது ஒரு குறை.)

நாற்பது நோட்டுகளிலும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். ஆகஸ்ட் தேதி, செப்டம்பர் தேதி. நான் ஆகஸ்டில் அந்த லேபிலேயே இல்லை. 'மாணவர் தாமே செய்த சோதனைகளின் உண்மைப் பதிவு' என்று முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்கும். மனசாட்சி துளிகூடக் குத்தவில்லை. வீடு போனவர்களிடம் நோட்டு எங்கே என்று கேட்பதைவிடப் பொய்த் தேதி போடுவது மரியாதையான காரியமாகப் பட்டது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன். இதை இங்கே சொல்ல ஒரு காரணம் இருக்கிறது, வருகிறேன்.

பிப்ரவரி கடைசியில் ஸ்பாட்டர் டெஸ்ட். தெரியாதவர்களுக்கு: மேஜையில் வரிசையாகப் பொருள்களை வைத்து ஏ, பி, சி என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். மணி அடித்ததும் மாணவர் அடுத்த பொருளுக்கு நகர வேண்டும். என்ன என்று கண்டுபிடி, படம் வரை, குறிப்பு எழுது. அடையாளத்துக்கு 1, படத்துக்கு 1, குறிப்புக்கு 2. எங்கள் அலமாரியில் இருப்பதில் பாதி மன்னார் வளைகுடாவில் இருந்து எப்போதோ வந்தவை. ஃபார்மலினில் ஊறி வெளுத்த கடல் அட்டை, கடல் குதிரை. இரண்டையும் 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். இன்று ஒரு மீனவர் கையில் அது இருந்தால் வழக்கு, எங்கள் ஜாடியில் இருந்தால் பாடம்.

'ஈ' என்ற சீட்டு ஒட்டிய பொருள் சங்கு. டர்பினெல்லா பைரம். விடைக்குறிப்பு என் கையில் இருந்தது: மெல்லுடலி, வயிற்றுக்காலி, ஓடு வலச்சுழி.

ஒரு தாளில் படம் தலைகீழாக இருந்தது. கூர்நுனி கீழே, நீண்ட குழல் போன்ற முனை மேலே. சங்கின் வாய்த்திறப்பு இடது பக்கம். பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தான்: 'இது இடம்புரிச் சங்கு. வலம்புரி அபூர்வமாகக் கிடைக்கும்.' கீழே, சங்கு எந்த மாதிரியான தரையில் கிடக்கும், மணலில் எப்படிப் பாதி புதைந்திருக்கும், மேலே ஏறும் தடத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று நாலு வரி. கேட்காத விஷயம். படம் தப்பு, ஒரு மதிப்பெண் போச்சு. வலச்சுழிக்கு இடம்புரி என்று எழுதியிருக்கிறான், இன்னொன்று போச்சு. அந்த நாலு வரியின் மேல் என் பேனா நிற்கக்கூட இல்லை.

அவன் வீடு திரேஸ்புரம், அப்பா சங்கு குளிக்கப் போகிறவர் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் வெட்டியிருக்க மாட்டேனா? சொல்ல முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆச்சி பிள்ளையை மடியில் போட்டுச் சங்கில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளிச் சங்கு இல்லை, நிஜச் சங்கு, அம்மா காலத்தில் இருந்து வீட்டில் இருப்பது. கழுவி வைக்கும்போது விளையாட்டாக, "இது வலம்புரியா ஆச்சி?" என்றேன்.

"வலம்புரிக்கு எங்கல போவ? இது இடம்புரி."

"எப்படிச் சொல்லுதிய?"

"பால் ஊத்துத மூக்கை மேல பாத்து வச்சுப் புடி. தொறப்பு எந்தக் கைப் பக்கம் இருக்கு?"

இடது.

கூர்நுனி மேலே வருமாறு சங்கைத் திருப்பினேன். திறப்பு வலது பக்கம் வந்தது. ஒரே சங்கு. விலங்கியலில் கூர்நுனியை மேலே வைத்துப் பார்ப்பார்கள், அதனால் இது வலச்சுழி. நம் ஊரில் மூக்கை மேலே வைத்துப் பார்ப்பார்கள், அதனால் இது இடம்புரி. விலங்கியல் இடச்சுழி என்று சொல்லும் அபூர்வச் சங்குதான் நம்முடைய வலம்புரி. ஓட்டின் முறுக்கு எந்தப் பக்கம் பிடித்தாலும் மாறுவதில்லை, பெயர்தான் மாறுகிறது. பையன் படம் தலைகீழ் இல்லை. அவன் படமும் அவன் சொல்லும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. அந்த அறையில் பொருந்தாமல் இருந்தவன் நான்.

வெட்கமாக இருந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. நத்தை ஓட்டின் சுழிப்பு எனக்கு மனப்பாடம். நெட் தேர்வுக்கு உட்கார்ந்த எவருக்கும் மனப்பாடம். நத்தை எந்தப் பக்கம் சுழலும் என்பதை அதன் சொந்த மரபணு தீர்மானிப்பதில்லை, தாயின் மரபணுவே தீர்மானிக்கிறது, அதனால் விகிதங்கள் ஒரு தலைமுறை தள்ளி வெளிப்படும். 1923-இல் ஸ்டர்ட்வண்ட் கொடுத்த விளக்கம். ராத்திரி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு சங்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தது மட்டும் அன்றைக்குத்தான் முதல் தடவை. ஜேம்ஸ் ஹார்னெல் என்ற வெள்ளைக்காரர் மெட்ராஸ் மாகாணத்தில் முத்து, சங்குக் குளிப்பை மேற்பார்த்தவர். 1914-இல் சங்குக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். குளிப்பவர்களிடம் கேட்காமல் அதை எழுதியிருக்க முடியாது. நான் நாற்பது மைல் சுற்றளவுக்குள் பிறந்து வளர்ந்து, கேட்காமல் திருத்தினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் செய்தது தப்பா?

எனக்காக நானே வாதாடிப் பார்த்தேன். அறிவியலுக்குப் பொது வழக்கு வேண்டும். கொழும்பில் ஒருத்தரும் கோபன்ஹேகனில் ஒருத்தரும் ஒரே சங்கைப் பேசும்போது ஒரே பக்கம் பிடித்திருக்க வேண்டும். கூர்நுனி மேலே என்பது அப்படி ஒரு ஒப்பந்தம். அதைக் கற்றுக்கொடுக்காமல் விட்டால் நாளைக்கு அவன்தான் நுழைவுத் தேர்வில் அடிவாங்குவான். மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் ஒரே அளவுகோல்தானே?

வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே ஓட்டை: அந்த ஒப்பந்தத்தை நான் வகுப்பில் சொல்லவே இல்லை. எனக்கே அது ஒப்பந்தம் என்று தெரியாது. சங்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அறிவிக்காத விதியை மீறியதற்கு ஒருவனைத் தண்டிக்க முடியுமா? மற்ற பிள்ளைகள் புத்தகத்துப் படத்தை உருப்போட்டு வந்ததால் தப்பித்தார்கள். மேஜையில் இருந்த பொருளைப் பார்த்து வரைந்தவன் அவன் ஒருத்தன்தான். நாற்பது பொய்ப் பதிவுகளுக்கு மனதாரக் கையெழுத்துப் போட்ட அதே கை, ஒரே ஒரு உண்மைப் பதிவை வெட்டியிருக்கிறது. இரக்கம் எனக்கு எளிதாக வந்தது. சந்தேகம் வரவில்லை. என் திருத்தலைப் பற்றி நானே படும் சந்தேகத்தைச் சொல்கிறேன்.

'தெரியாதவன் திருத்தக் கூடாது' என்று முடித்துவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் அப்படிப் பார்த்தால் எந்த லேபும் நடக்காது. பாதி தெரிந்தவர்கள்தான் உலகம் முழுக்கப் பிராக்டிகல் நடத்துகிறார்கள். தெரியாததால் வந்த தப்பு இல்லை இது. தெரிந்தது முழுசு என்று நினைத்ததால் வந்தது.

திங்கட்கிழமை மேடத்திடம் போனேன். வெள்ளத்துக்குப் பிறகு மூன்று பேர் வேலையை ஒருத்தராகப் பார்த்துக்கொண்டிருந்தவர். முழுக்கக் கேட்டார். சங்கை எடுத்துத் திருப்பியும் பார்த்தார், அதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். "இன்டர்னல் அப்லோட் ஆயிட்டேப்பா. பையன் பாஸ்தானே?" என்றார். பாஸ்தான்.

அதனால் வகுப்பில் சொல்வது என்று முடிவு செய்தேன். சங்கை இரண்டு விதமாகவும் பிடித்துக் காட்டி, "ஒருத்தர் சரியா எழுதுனத நான் தப்புன்னு வெட்டிட்டேன்" என்றேன். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்பு முடிந்ததும் இரண்டு மூன்று பேர் வந்து, "சூப்பர் சார், யாரும் இப்படி ஒத்துக்க மாட்டாங்க" என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. பஸ்ஸில் போகும்போதுதான் கணக்குப் பார்த்தேன். இந்த மன்னிப்பில் யாருக்கு என்ன கிடைத்தது? எனக்கு நல்ல பெயர். அவனுக்கு நாற்பது பேர் பார்வை. இரண்டு மதிப்பெண் போன இடத்திலேயே இருக்கிறது. ஒப்புக்கொள்வது நேர்மை என்று எல்லோரும் சொல்கிறோம். ஒப்புக்கொள்ளும் இடத்தையும் நேரத்தையும் நானே தேர்ந்தெடுத்தால் அது எவ்வளவு தூரம் நேர்மை? முதலில் அவனிடம் தனியாகப் போய், வகுப்பில் சொல்லவா வேண்டாமா என்று கேட்டிருக்க வேண்டும். மறுபடியும் கேட்காமல்தான் செய்திருக்கிறேன்.

எங்கள் ஊருக்கு அடுத்த ஸ்டேஷன் ஆழ்வார்திருநகரி. அங்கே புளியமரத்தடியில் பேசாமல் இருந்த நம்மாழ்வாரைத் தேடி வந்த மதுரகவி, வயதில் அவரைவிட மூத்தவர் என்று கதை. சின்னக் கல்லை எறிந்து, கண் விழிக்க வைத்து, ஒரு கேள்வி கேட்டார். அதன் பிறகுதான் வாய் திறந்தது. சின்ன வயதில் அதிசயக் கதையாகக் கேட்டது. இப்போது எனக்கு அதில் பிடித்திருப்பது ஒன்றுதான்: பெரியவர் வந்து சின்னவரிடம் கேட்கிறார், கேட்கும்வரை சின்னவர் பேசுவதில்லை.

அடுத்த வாரம் அவனைக் கேன்டீனில் பிடித்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். "நான் வெட்டுனது தப்புன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும் சார்."

"பெறகு ஏன் சொல்லல?"

"நீங்க சாருல்லா."

கொஞ்ச நேரம் கழித்து அவனே, "எங்கப்பாட்ட சொன்னேன். சிரிச்சாரு. அவங்க பக்கம் அப்படி இருக்கும் போலன்னாரு" என்றான்.

மணலில் சங்குத் தடத்தைப் பற்றி எழுதியிருந்தானே, அதைச் சொல்லச் சொன்னேன். சுருக்கமாகச் சொன்னான். நான் மேலும் கேட்டபோது, "அதெல்லாம் சிலபஸ்ல இல்ல சார்" என்று எழுந்துவிட்டான்.

ஏப்ரலில் மாடல் பிராக்டிகல். அதே சங்கு, இந்த முறை 'சி' சீட்டு. அவன் தாளில் படம் புத்தகத்தில் இருப்பது போலவே இருந்தது. கூர்நுனி மேலே, திறப்பு வலது பக்கம், அம்புக்குறி போட்டுப் பாகங்கள். குறிப்பில் மெல்லுடலி, வயிற்றுக்காலி, ஓடு வலச்சுழி. மணல் இல்லை, தடம் இல்லை, வலம்புரி இல்லை.

நான்குக்கு நான்கு போட்டேன்.