நூலகர் அறிந்ததும் சொல்லத் தகாததும்

சிற்றூர்ப் பொது நூலகத்தின் வாயிலில் அறிவிப்புப் பலகை ஒன்று தொங்கும். புதிதாக வந்த நூல்கள் யாவை, பள்ளி விடுமுறையில் நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், சிறுவர்க்கான கதை நேரம் எந்நாளில், ஒருவர் ஒரே வேளையில் எத்தனை நூல்களை இரவல் பெறலாம் என்பன போன்ற செய்திகள் அதில் இடம்பெறும். இவற்றில் வழக்காட ஒன்றுமில்லை. அவற்றின் கீழே, 'படிக்கத் தக்க நூல்கள்' என்றொரு பட்டியலும் ஒட்டப்பட்டிருக்குமாயின், அறம் சார்ந்த வினா அங்கேதான் எழுகிறது. இன்னாருக்கு இன்ன நூல் தகும் என்று சொல்ல நூலகருக்கு என்ன உரிமை? அவ்வாறு சொல்வதற்கு அவர் வாசகரைப் பற்றி எவ்வளவு அறிந்திருத்தல் வேண்டும்? அறிந்தவற்றுள் எவ்வளவைத் தம் நெஞ்சிலேயே பூட்டி வைத்தல் வேண்டும்?

பெருநகர நூலகத்தில் இவ்வினா அத்துணைக் கூர்மை பெறுவதில்லை. அங்கே வாசகர் யாரோ, நூலகர் யாரோ. சிறு பட்டணத்தின் நிலை வேறு. பேராக்கிலோ கெடாவிலோ உள்ள ஒரு பட்டணத்தை எண்ணிப் பார்க்கலாம். தோட்டத்தை விட்டுத் தாமான்களில் குடியேறியோர், கடைத்தெருவில் வணிகம் நடத்துவோர், ஆசிரியர், எழுத்தர் ஆகிய அனைவரும் ஒருவரையொருவர் குடும்பத்தோடு அறிவர். நூலகர் அவர்களைக் கோயிலிலும் காண்பார். திருமண வீட்டிலும் காண்பார். நீரிழிவு பற்றிய நூலை எடுத்துச் சென்றவர் எவர், மணமுறிவுச் சட்டத்தை விளக்கும் நூலைப் புரட்டிவிட்டு எடுக்காமலே சென்ற பெண் எவர், குடிப்பழக்கத்தினின்று மீள்வது குறித்து நூல் உண்டா என்று தணிந்த குரலில் வினவியவர் எவருடைய தமையன் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மருத்துவர் அறிவதைப் போன்றே அவரும் அறிகிறார். மருத்துவர் வாய் திறவார் என்று ஊர் எதிர்பார்க்கிறது. நூலகரைப் பற்றி அத்தகைய எதிர்பார்ப்பு எதுவும் வேரூன்றவில்லை.

இதனை முன்னிட்டே, நூலகர் எவருக்கும் எதனையும் பரிந்துரைக்காதிருத்தலே நன்று என்பர் சிலர். நூல்களை அடுக்கி வைப்பதோடு அவர் பணி முடிந்தது என்பது அவர்தம் வாதம். இது பாதுகாப்பான வழிதான். ஆயினும் கைகழுவும் வழியும் ஆகும். சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்து, கணித ஆசிரியராய்ப் பணியாற்றி, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன், நூலகவியலுக்குரிய ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் இரண்டாவது, வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைத்தாக வேண்டும் என்கிறது. மூன்றாவது, நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் கிடைத்தாக வேண்டும் என்கிறது. ஊமையான அலமாரி இவ்விரு கடமைகளையும் முற்ற நிறைவேற்றாது. பிள்ளையை இழந்த தாய்க்கு எந்த நூல் துணையாகும் என்று அகரவரிசை அட்டவணை சொல்லாது. யாரேனும் ஒருவர் இடைநின்று சேர்த்து வைத்தல் வேண்டும்.

எனினும், இடைநிற்பவர் இல்லாமலே நூலை அடைவதற்கும் ஒரு வாய்ப்பு இருத்தல் வேண்டும். இங்கிலாந்தின் பொது நூலகங்களில் முற்காலத்தில் வாசகர் அட்டவணையைப் பார்த்து நூலின் எண்ணைச் சொல்லி நிற்பார். பணியாளர் உள்ளே சென்று எடுத்து வருவார். 1894ஆம் ஆண்டு இலண்டன் கிளார்க்கன்வெல் நூலகத்தில் ஜேம்ஸ் டஃப் பிரௌன் என்பார் அலமாரிகளை மக்களுக்குத் திறந்துவிட்டபோது, நூல்கள் களவு போகும், அடுக்கு குலையும் என்று எதிர்த்தோர் பலர். களவைக் காட்டிலும் எண்ணத் தக்கது ஒன்று உண்டு. மூடிய அலமாரிக்கு முன் நிற்பவர் தம் தேவையை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். பின்னால் வரிசையில் நிற்பவர் செவியிலும் அது விழும். திறந்த அலமாரியோ கேள்வி கேட்பதில்லை. தொழுநோயைப் பற்றி அறிய விரும்பியவர் எத்தனை பேர், கேட்க நாணி வெறுங்கையோடு வீடு திரும்பியிருப்பர்!

திறந்த அலமாரி காத்த மறைவைச் சில நூலகங்களின் பழைய இரவல் முறையோ காக்கத் தவறியது. நூலின் பின்னட்டை உறையில் இருந்த அட்டையில் இரவல் பெற்றோரின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டன. அடுத்து நூலை எடுப்பவர் முன்னவர் அனைவரையும் படித்தறியலாம். அதில் ஓர் இன்பமும் இருந்ததை மறுப்பதற்கில்லை. தாம் விரும்பிய நூலை இன்னாரும் விரும்பியிருக்கிறார் என்று கண்டு நட்புக் கொண்டோர் உண்டு. நாவலுக்கு அது பொருந்தும். நோய்க்கும் கடனுக்கும் குடும்பப் பூசலுக்கும் உரிய நூல்களில் அவ்வட்டை காட்டிக்கொடுக்கும் சான்றாகவே அமைந்தது.

வள்ளுவர் புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பழித்துப் பேசும் இழிவு அங்கே கண்டிக்கப்படுகிறது. நூலகரிடம் நேரக்கூடிய பிழையோ பெரும்பாலும் பழிப்பு வடிவில் வருவதன்று. பாராட்டு வடிவில் வருவது. "உங்கள் மகள் சட்ட நூல்களாகவே எடுத்துச் செல்கிறாள், நன்றாக வருவாள்" என்று அவர் தந்தையிடம் மகிழ்ந்து சொல்லக் கூடும். அம்மகள் தனக்குப் பேசி வைத்திருக்கும் மணத்தை மறுக்க வழி தேடுகிறாள் என்பதை அவர் அறியார். நல்லெண்ணத்தோடு சொன்ன சொல்லே ஒரு வீட்டின் கதவை அவளுக்கு எதிராகத் தாழிடச் செய்துவிடும்.

பெற்றோர்க்கு அறியும் உரிமை இல்லையா என்ற வினா இங்கே எழுவது இயல்பே. ஆசிரியர்க்கும் இவ்வினா உண்டு. மலேசியப் பள்ளிகளின் 'நீலாம்' திட்டத்தில் மாணவர் தாம் வாசித்த நூல்களைப் பதிவு செய்தல் வழக்கம். ஆனால் அது மாணவர் தாமே காட்டும் கணக்கு. நூலகப் பதிவேடு அவ்வாறன்று. எட்டு வயதுச் சிறுவனுக்கு நூல் தேர்ந்து கொடுப்பது பெற்றோர் கடமை. அவன் எடுத்ததை அவர்கள் அறிவதில் தவறில்லை. பதினாறு வயது மாணவியின் நிலை வேறு. தன் உடலைப் பற்றியும் தன் ஐயங்களைப் பற்றியும் வீட்டில் கேட்க இயலாதவற்றை அவள் நூலிடம் கேட்கிறாள். அவ்வழியும் அடைபட்டால் அவள் கேட்பதை நிறுத்திவிடுவதில்லை. தகாத இடத்தில் கேட்கிறாள். எந்த வயதில் கோடு கிழிப்பது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை இருக்கலாம். கோடே வேண்டாம் என்போர், பள்ளியில் பதின்ம வயதினரோடு ஒரு மாதமேனும் பழகிப் பார்த்தல் நலம்.

சட்டம் இதனைக் காக்குமா? மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத் தொடர்பான பரிமாற்றங்களுக்கு உரியது; மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்துவதில்லை. கட்டணமின்றி நூல் இரவல் பெறுவது வணிகமும் அன்று. எனவே சிற்றூர் வாசகரின் மறைவு பெரிதும் நூலகரின் நாவைப் பொறுத்தே நிற்கிறது. அமெரிக்க நூலகச் சங்கம் 1939இலேயே, வாசகரோடு பழகுவதால் அறியவரும் தனிச் செய்திகளை மறைவாகக் காத்தல் நூலகர் கடமை எனத் தன் ஒழுக்க நெறியில் விதித்தது. விதி இருந்தாலும் சோதனை வாராதிருக்கவில்லை. 2005இல் கனெக்டிகட் மாநில நூலகர் நால்வரிடம், நூலகக் கணினியைப் பயன்படுத்தியோர் விவரத்தைக் கூட்டரசுப் புலனாய்வுத் துறை கேட்டது. கேட்கப்பட்ட செய்தியையே வெளியிடலாகாது என்றும் தடை விதித்தது. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். மறு ஆண்டில் அத்தடையும் பின்னர் அக்கோரிக்கையும் கைவிடப்பட்டன. சிறு பட்டணத்தின் நூலகரிடம் புலனாய்வுத் துறை வருவது அரிது. அண்டை வீட்டார் வருவர். அது நாள்தோறும் நிகழும். நீதிமன்ற ஆணைக்குப் பணிவது வேறு, நண்பரின் ஆவலுக்குப் பணிவது வேறு.

சிங்கப்பூர் நூலகங்களில் வாசகர் தாமே பொறியில் பதிந்து நூலை எடுத்துச் செல்கின்றனர். பொறி வம்பு பேசாது. ஆயினும் மனிதர் மறப்பதைப் பொறி மறப்பதில்லை. நூல் திரும்பி வந்தபின் எடுத்தவர் பெயர் ஏட்டில் எதற்காக நீடித்தல் வேண்டும் என்று ஒவ்வொரு நூலகமும் வினவிக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளது.

அப்படியாயின் பரிந்துரை எவ்வாறு நிகழும்? வாசகர் தாமே வாய்திறந்து சொன்னதைக் கொண்டு அவருக்கு நேரே நூல் சொல்லலாம். அவர் சொல்லாமல் நூலகர் கண்டுகொண்டதைக் கொண்டு சொல்லலாகாது. "குடியை விட இந்த நூல் உதவும்" என்று கேளாதவர் கையில் திணிப்பது உதவியன்று. அவர் அந்நூலகத்திற்கு மீண்டும் வரமாட்டார். அவருக்காகவே இருப்பது வாயிலில் தொங்கும் அப்பொதுப் பட்டியல். இரண்டு நாவல், ஒரு பயண நூல், சமையல் நூல் ஒன்று, தோட்டக்கலை ஒன்று, அவற்றினிடையே குடிப்பழக்கத்தினின்று மீள்வதைச் சொல்லும் நூல் ஒன்று எனப் பத்துப் பெயர்கள் இருந்தால், ஊரார் அனைவரும் படிக்கும் அப்பலகையின் முன் அவரும் நின்று படிக்கலாம். எப்பெயரில் அவர் கண் நிலைத்தது என்று எவரும் அறியார். அந்நூலை எளிதில் எட்டும் தட்டில், மேசையின் பார்வைக்கு அப்பால் வைப்பது நூலகர் செய்யக் கூடிய மற்றொன்று. ஒரு மாலையில் அவ்விடம் வெறுமையாக இருப்பதைக் கண்டால், எடுத்தவர் எவரென்று அவர் பதிவேட்டைப் புரட்டாதிருத்தல் வேண்டும். தவணை கடந்தும் நூல் வாராதபோது பார்த்துக்கொண்டால் போதும்.