முளையும் விளைச்சலும்

'விளையும் பயிர் முளையிலேயே தெரியும்' என்று முதன்முதலில் சொன்னவர் அதை அறுவடைக்குப் பிறகுதான் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். களத்திலே நெல் குவிந்த பிறகு முளையின் லட்சணத்தைப் பேசுவது சுலபம். நாற்றங்காலில் நிற்கிறவனுக்கோ எல்லாம் ஒரே பச்சை.

ஒரு மனிதன் இனிமேல் செய்யப்போகிற காரியத்தை வைத்து இன்றைக்கே அவனுக்கு விலை போடலாமா? மாப்பிள்ளை பார்ப்பதிலிருந்து உத்தியோகத்துக்கு ஆள் எடுப்பது வரை எல்லோரும் செய்கிற காரியந்தான். ஆனால் பெரும்பாலும் ஓர் அறைக்குள் மெல்லிய குரலில் செய்கிறோம். அமெரிக்கர்கள் அதையே நாடு முழுவதும் பார்க்க, ஒரு திருவிழாவாக நடத்துகிறார்கள்.

அவர்கள் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தில் காலுக்கு வேலை குறைவு. பந்தைக் கையில் வாங்கி, எதிரிகள் மேலே வந்து விழுவதற்குள் யாருக்கு எறிவது என்று தீர்மானிக்கிறவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் குவார்ட்டர்பேக். கண்ணிமைக்கும் நேரத்தில் அவன் செய்யும் தீர்மானத்தில்தான் பல சமயம் ஆட்டமே நிற்கிறது. கல்லூரிகளில் ஆடித் தேர்ந்த இளைஞர்களைத் தொழில்முறைக் குழுக்கள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் 'டிராஃப்ட்' என்ற ஏற்பாடு 1936-ல் தொடங்கியது. முந்திய ஆண்டு கடைசியாக வந்த குழுவுக்கு முதல் உரிமை. ஆகவே எல்லோரையும்விடச் சிறந்தவன் என்று பெயர் வாங்குகிறவன் சாதாரணமாகப் போய்ச் சேருவது, எல்லாவற்றையும்விட மோசமான குழுவில். இந்த வேடிக்கையை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அதற்குமுன் பரீட்சைகள் உண்டு. இண்டியானாபொலிஸ் நகரில் இளைஞர்களை நிறுத்தி உயரம், எடை பார்க்கிறார்கள். நாற்பது கஜம் ஓடச் சொல்லிக் கடிகாரம் பிடிக்கிறார்கள். கையை விரிக்கச் சொல்லிக் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் உள்ள தூரத்தை அளக்கிறார்கள். நம் கணக்கில் ஒரு சாண்! புத்திக்கும் ஒரு பரீட்சை நெடுங்காலம் இருந்தது. 2022-ல் அதைக் கைவிட்டார்கள். மாட்டுத்தாவணியில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கத் தோன்றும். வித்தியாசம் உண்டு: மாடு மறுநாள் பத்திரிகை படிப்பதில்லை.

1998-ஆம் ஆண்டு இரண்டு பேர் இந்தத் தராசில் நின்றார்கள். டென்னஸி பல்கலைக்கழகத்துப் பெய்ட்டன் மானிங். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்து ரயன் லீஃப். பிறந்தது இருவரும் 1976-ல், இரண்டு மாத இடைவெளியில். இருவரும் ஆறடி ஐந்தங்குலம். மானிங்கின் தகப்பனார் ஆர்ச்சியும் பெயர்பெற்ற குவார்ட்டர்பேக். லீஃபோ, அறுபத்தேழு ஆண்டுகளாக ரோஸ் பௌல் ஆட்டத்தைக் காணாத தம் கல்லூரியை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர். மானிங் பக்குவமானவர், லீஃபின் கை வலுவானது, இன்னும் வளர இடமுள்ளவர் என்றெல்லாம் மாதக்கணக்கில் வாதாடினார்கள். கடைசியில் இண்டியானாபொலிஸ் குழு மானிங்கை முதலாவதாக எடுத்தது. ஸான் டியேகோ குழு லீஃபை இரண்டாவதாக எடுத்தது.

முதல் வருஷம் இருவருமே தடுமாறினார்கள். மானிங் எறிந்த பந்துகளில் இருபத்தெட்டு எதிரிகள் கைக்குப் போயின. பதினாறு ஆட்டங்களில் அவருடைய குழு வென்றவை மூன்று. லீஃப் எறிந்ததில் பதினைந்து அப்படிப் போயிற்று. அவரைப் பாதியிலேயே ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அதன்பின் பாதைகள் பிரிந்தன. மானிங் ஐந்து முறை ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் பட்டமும், இரண்டு முறை சூப்பர் பௌல் வெற்றியும் பெற்று 2016-ல் ஓய்வு பெற்றார். லீஃபுக்குத் தோள் கெட்டது, பெயரும் கெட்டது. இருபத்தைந்தே ஆட்டங்களோடு அவர் கணக்கு முடிந்தது. பிறகு வலி மாத்திரைகளுக்கு அடிமையாகி, 2012-ல் மாண்டனா மாநிலத்தில் சிறைக்கும் போனார்.

"எங்களுக்கு அப்போதே தெரியும்" என்ற குரல்கள் இதற்குப் பிறகுதான் பெருகின. அவருடைய குணத்திலேயே கோளாறு இருந்தது என்றார்கள். நான் கதை எழுதுகிறவன். இந்தத் தந்திரம் எனக்கு நன்றாகத் தெரியும். இருபதாம் அத்தியாயத்தில் கதாநாயகன் கெட்டுப்போக வேண்டுமென்றால், இரண்டாம் அத்தியாயத்தில் அவனுடைய தைரியத்துக்குத் திமிர் என்று பெயர் மாற்றி எழுதிவிட்டால் போதும். எனக்கு முடிவு கையில் இருக்கிறது, மாற்றலாம். லீஃபிடம் 1998 ஏப்ரலில் 'தன்னம்பிக்கை' என்று பாராட்டப்பட்டதே மறுவருஷம் 'அகம்பாவம்' ஆயிற்று. மானிங் தோற்றிருந்தால், அவருடைய பக்குவம் 'தகப்பன் நிழலில் வளர்ந்த பிள்ளையின் பயம்' ஆகியிருக்காதா?

இதனால் லீஃபின்மேல் தவறே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. பத்திரிகைக்காரரிடம் கத்தியது அவர்தான். சட்டத்தை மீறியதும் அவர்தான். அவரே அதை மறைக்கவில்லை. ஆனால் அவை அவர் செய்த காரியங்கள். செய்ததற்குத் தீர்ப்புச் சொல்வது ஒன்று. செய்யுமுன்னரே இப்படித்தான் என்று விதித்திருந்தது போலப் பேசுவது வேறொன்று.

அளப்பவர்கள் நிஜமாகவே அவ்வளவு தெரிந்தவர்களா? 2000-ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்து இளைஞர் ஒருவர் நாற்பது கஜத்தை 5.28 விநாடியில் ஓடினார். ஓட்டம் என்று அதைச் சொல்வது கொஞ்சம் தாராளந்தான். அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகளை எடுத்தார்கள். 199-ஆவதாக அழைக்கப்பட்ட அவர் டாம் பிரேடி. ஏழு சூப்பர் பௌல் வென்றவர். அதுகூடப் பெரிதில்லை. 2001 செப்டம்பரில் அவருடைய குழுவின் முதல் குவார்ட்டர்பேக் ட்ரூ ப்ளெட்ஸோ படுகாயமடைந்ததால்தான் பிரேடிக்கு இடம் கிடைத்தது. அந்த அடி படாமல் இருந்திருந்தால்? பிரேடியின் திறமை அப்போதும் அவரிடத்தில் அப்படியே இருந்திருக்கும். அதைப் பார்க்க நாம்தான் இருந்திருக்க மாட்டோம்.

ஆள் தேவைப்படுகிறவன் ஆளைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். வள்ளுவரும் அரசனுக்கு 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். தேர்ந்து தெளிந்த பிறகு ஐயுறுவதும் தீராத துன்பம் என்று அதே அதிகாரத்தில் எச்சரிக்கவும் செய்தார். ஆகவே ஒப்பிடுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. ஒருநாள் முடிவுக்காகச் செய்த ஒப்பீட்டை ஆயுள் முழுவதும் ஒருவன் கழுத்தில் தொங்கவிடுவதைத்தான் என் மனம் ஒப்பவில்லை. வரிசையில் முன்னே நின்று பின்னால் சோபிக்காதவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் சத்தமின்றி மறக்கப்பட்டார்கள். லீஃபுக்கு மறக்கப்படும் பாக்கியங்கூட இல்லை. ஒவ்வோர் ஏப்ரலிலும், புதிதாக இரண்டு பிள்ளைகளை நிறுத்தி வைத்து, "இவர்களில் யார் மானிங், யார் லீஃப்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வி அந்தப் பிள்ளைகளுக்கும் நியாயம் செய்வதில்லை. ஐம்பதை எட்டும் ஒரு மனிதருக்கும் செய்வதில்லை.

அந்த மனிதர் 2014 டிசம்பரில் சிறையிலிருந்து வெளியே வந்தார். இப்போது போதையிலிருந்து மீள முயல்கிறவர்களிடையே பேசுகிறார். ஆட்டங்களுக்கு வருணனையும் சொல்கிறார். சிறையில் தம் அறைத்தோழர், போரிலிருந்து திரும்பிய ஒரு சிப்பாய், ஒருநாள் தம்மை வற்புறுத்திச் சிறை நூலகத்துக்கு அழைத்துப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். அங்கே எழுத்துக் கூட்டத் தெரியாத கைதிகள் இருந்தார்கள். அவர்களுக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தாராம். முதலில் வேண்டா வெறுப்பாகத்தான் போனாராம். பிறகு தொடர்ந்து போனாராம்.