பிரேக்கும் பொறுமையும்

சர்வீஸ் முடிந்து எடுத்துவந்த வண்டியில் இரண்டாம் நாளே பழைய கோளாறு தலைகாட்டினால் நம்மில் பெரும்பாலோர் சண்டைக்குப் போவதில்லை. போன காசு போகட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த தெருவில் வேறு மெக்கானிக்கைப் பார்க்கிறோம். இதைச் சோம்பல் என்று யாரும் சொல்வதில்லை, பெருந்தன்மை என்றே நினைத்துக்கொள்கிறோம். அதற்குத் துணையும் வலுவாகவே இருக்கிறது. பொறையுடைமைக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். தனக்குத் தீங்கு செய்தவனை மன்னிப்பதைப் புகழாத சமயம் இல்லை. ஆனால், மோசமாகப் பழுதுபார்க்கப்பட்ட ஒரு வண்டியின் விஷயத்தில் அந்தப் பொறுமை அறமாகுமா என்பது சந்தேகம்தான். ஆகாது என்பதே என் முடிவு. மன்னிக்கும் உரிமை நட்டப்படுபவருக்கு மட்டுமே உண்டு. இங்கே நட்டப்படப் போகிறவர் வண்டிக்காரர் மட்டுமல்ல.

முன்சக்கர டிஸ்க் பிரேக்கையே எடுத்துக்கொள்வோம். லீவரில் விரல்கள் கொடுக்கும் அழுத்தம் பிரேக் ஆயில் வழியாகத்தான் காலிப்பருக்குப் போய்ச் சேருகிறது. அந்த ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு: காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸுக்குக் குறையக்கூடாது. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயில் 155 டிகிரி வரை தாங்கினால் போதும் என்கிறது தரவிதி. இடையில் இருக்கும் 75 டிகிரியைத் தின்பது வெறும் ஈரம். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றச் சொல்வது இதனால்தான். மாற்றுவது அலுப்புப் பிடித்த வேலை. ப்ளீடர் ஸ்க்ரூவில் டியூபை மாட்டி, லீவரை அமுக்கிப் பிடித்து, ஸ்க்ரூவைத் தளர்த்தி, இறுக்கி, மறுபடி அமுக்கி, டியூபில் குமிழி வருவது நிற்கும்வரை குந்தியிருக்க வேண்டும். அவசரத்தில் இருப்பவர் மேலேயுள்ள டப்பாவைத் திறந்து கொஞ்சம் புது ஆயிலை ஊற்றி மூடிவிட்டு, மாற்றியதாகவே பில் எழுதலாம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஆயில் பளபளவென்றுதான் தெரியும். ஊருக்குள் ஓட்டும்வரை பிரேக்கும் ஒழுங்காகவே பிடிக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதுதான் கதை வேறு. பிடித்துப் பிடித்துச் சூடேறிய காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி கட்டினால், லீவர் எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் வளைவில் எதிரே ஏறி வருபவருக்கு இந்தக் கடையைப் பற்றியோ, அதன் பில்லைப் பற்றியோ, வண்டிக்காரரின் பெருந்தன்மையைப் பற்றியோ எதுவும் தெரியாது.

அவர் சார்பில் யாராவது மன்னிக்க முடியுமா? தமிழ் மரபில் இந்தக் கேள்விக்கு மிகக் கறாரான பதில் ஒரு வாகன விபத்தின் வழியாகவே வந்திருக்கிறது. பெரிய புராணம் சொல்லும் மனுநீதிச் சோழன் கதையில், இளவரசன் தேர்க்காலில் கன்று சிக்கி இறந்ததும் அமைச்சர்கள் நியாயமான ஒரு வழியைத்தான் காட்டுகிறார்கள்: மறை சொன்ன பிராயச்சித்தத்தைச் செய்துவிடலாம். அரசன் ஏற்கவில்லை. சடங்கு செய்தால் கன்றை இழந்த பசுவின் நோய் தீருமா என்பதே அவன் கேள்வி. மகனையே தேர்க்காலில் இடுவது நம் கண்ணுக்குக் கொடூரம்தான், அதை நியாயப்படுத்த வேண்டியதில்லை. கதையின் தர்க்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அடிபட்டவர் ஒருவர், கணக்கை முடிப்பவர் இன்னொருவர் என்றால் அந்தக் கணக்கு முடியாது. விவிலியத்தின் உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் வரும் கட்டளை இன்னும் நேரடியானது. புதிதாக வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டும், யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது. கொத்தனார் சரியாகக் கட்டவில்லை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை, பொறுப்பு வீட்டுக்காரன் தலையில் வைக்கப்படுகிறது. வண்டிக்கும் அதுவே பொருந்தும். பிரேக்கைப் பழுதாக்கியது மெக்கானிக்காக இருக்கலாம். பழுது என்று தெரிந்தபின் அதை ரோட்டில் இறக்குகிறவர் நாம்.

சட்டம் இருக்கிறதே, இதில் சமயம் எதற்கு என்று கேட்கலாம். சட்டம் ஆதியிலிருந்தே இருக்கிறது. கட்டிய சுவர் சரிந்தால் கட்டியவனே தன் செலவில் திருத்த வேண்டும் என்று ஹம்முராபியின் சட்டம் சொன்னது. அர்த்தசாஸ்திரத்தின் நாலாம் பகுதி கைவினைஞர்களிடமிருந்து மக்களைக் காப்பது எப்படி என்றுதான் தொடங்குகிறது. சொன்னதற்கு மாறாகச் செய்தவனுக்குக் கூலியும் இல்லை, கூலியைப்போல் இரு மடங்கு தண்டமும் உண்டு. இன்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைச் சேவைக் குறைபாடு என்கிறது, புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது, கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் வாங்குவதில்லை. எல்லாம் நல்லதே. ஆனால் இந்தச் சட்டங்களின் பார்வை பெரும்பாலும் காசு கொடுத்தவர், வாங்கியவர் என்ற இருவரிடையே நின்றுவிடுகிறது. 400 ரூபாய் போனதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட வாடிக்கையாளருக்குச் சட்டப்படி முழு உரிமை உண்டு. அவர் வாயை மூடிக்கொண்டது தவறா என்று எந்த ஆணையமும் விசாரிக்கப்போவதில்லை. அதை விசாரிக்கும் வேலை மனசாட்சிக்குத்தான் மிஞ்சுகிறது.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமானது கூலியைப் பற்றியது. காலையில் விட்டு மாலையில் வேண்டும், லேபரில் நூறு குறைத்துக்கொள், ஒரிஜினல் பார்ட்ஸ் வேண்டாம், டூப்ளிகேட்டே போதும் என்று பேரம் பேசுபவரும் நாமே, வேலை சரியில்லை என்று முகம் சுளிப்பவரும் நாமே. கையில் டார்க் ரெஞ்ச் இல்லாத, எந்தப் பயிற்சிக்கூடத்துக்கும் போயிராத, எடுபிடியாகச் சேர்ந்து அடி வாங்கித் தொழில் கற்ற ஒருவரிடம் ஏசி அறையில் வேலை பார்ப்பவர் தரம் பேசுவது நன்றாகவா இருக்கிறது? இதில் பாதிக்கு மேல் உண்மை. பேரத்தில் நாம் குறைத்தது எந்த வேலையை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாதவரை குறைபாட்டில் நமக்கும் பங்கு உண்டு. ஆனால் இது கடுமையாகத் தண்டிப்பதற்கு எதிரான வாதம்தானே தவிர, சொல்லாமல் விடுவதற்கான வாதம் அல்ல. சொல்லாமல் போகிறவர் அந்தத் தொழிலாளிக்கு இரக்கம் காட்டியதாக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அவர் செய்வது, தான் செய்தது தவறென்றே தெரியாமல் நாளைக்கும் அதையே செய்ய அந்தத் தொழிலாளியை விட்டுப்போவது. அவர் கைக்கு இரண்டாவது பாடம் கிடைக்கும் ஒரே வழி, கெட்டுப்போன வண்டி அவரிடமே திரும்பி வருவதுதான்.

கீதையைக் காட்டியும் மறுக்கலாம். நெருப்பைப் புகை சூழ்ந்திருப்பதுபோல் எல்லாச் செயலையும் குற்றம் சூழ்ந்திருக்கிறது என்கிறது பதினெட்டாம் அத்தியாயம். குறையில்லாத வேலையை எதிர்பார்ப்பதே அறியாமை என்று அதற்குப் பொருள் சொல்வோர் உண்டு. அந்தப் பேச்சு தன் தொழிலைக் கைவிட நினைப்பவனுக்குச் சொன்னது. குறை இருக்கிறதென்று ஓடாதே, செய் என்பதே அதன் திசை. செய்யாத வேலைக்குப் பில் போடுபவருக்கு அதில் அடைக்கலம் கிடையாது. கை தவறி மரையைக் கெடுத்துக்கொண்டவரும், கெட்ட மரையில் எம்சீலை அப்பி மேலே கிரீஸைத் தடவி மறைத்தவரும் ஒன்றல்ல. முன்னவரிடம் பொறுமை காட்ட நிறைய இடமுண்டு. அவனவன் கர்மா அவனவனுக்கு, கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற சமாதானம் இதைவிட மலிவானது. நமக்குப் போக அலுப்பாக இருக்கும் இடத்துக்கெல்லாம் கடவுளை அனுப்பிவைப்பது பக்தியில் சேராது.

மோசமான பழுதுபார்ப்பைத் தத்துவக் கேள்வியாக ஆக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான ராபர்ட் பிர்சிக். 1974இல் வெளிவந்த அவருடைய ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ நூலில் அப்படியொரு பட்டறை வருகிறது. ரேடியோ அலறிக்கொண்டிருக்கிறது, சிரித்த முகமுள்ள இளைஞர்கள் சுத்தியலும் உளியுமாக இன்ஜினைக் குதறிவிடுகிறார்கள். கடைசியில் பார்த்தால் கோளாறுக்குக் காரணம் ஆயில் போகும் வழியில் அறுந்துகிடந்த 25 சென்ட் பெறுமான ஒரு சிறு பின். அவர்கள் கெட்டவர்கள் அல்ல, தங்கள் வேலையையே வேடிக்கை பார்ப்பவர்கள் என்பது அவருடைய நோய்க்கண்டறிதல். கூர்மையான பார்வைதான், ஆனால் எனக்கு அது போதவில்லை. பிர்சிக் வேலை செய்பவரின் உள்ளத்துக்குள் போகிறார், தன் வண்டியைத் தானே கழற்றிப் பூட்டும் நிறைவுக்குள் போகிறார். அந்தப் பட்டறைக்கு மறுநாள் வரும் அடுத்த வண்டிக்காரர் அவருடைய சிந்தனையில் அவ்வளவாக இடம்பெறுவதில்லை. நம்மூர் ஆயுத பூஜையிலும் இப்படியொரு விடுபடல் உண்டு. ஸ்பேனருக்குச் சந்தனம், வண்டிக்கு மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சை எல்லாம் உண்டு. அந்த ஸ்பேனர் இறுக்கிய நட்டை நம்பிச் சாலையைக் கடப்பவருக்கு அங்கே எதுவும் இல்லை.

ஆகவே திரும்பிப் போக வேண்டும், வேறு வாடிக்கையாளர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனால் நல்லது. பழுதைக் காட்டி, முதலில் காரணத்தைக் கேட்க வேண்டும். நம் ஓட்டும் விதமே காரணமாகவும் இருக்கலாம் என்ற சந்தேகம் நம்மிடம் பாக்கி இருக்க வேண்டும். கழற்றிய பழைய பார்ட்ஸைக் கையில் வாங்கும் பழக்கம் உள்ளவருக்கு இந்தப் பேச்சு எளிது. கடைக்காரர் ஒப்புக்கொண்டு சரிசெய்தால் நம் காசைப் பற்றிய மன்னிப்பை அங்கே தாராளமாக வழங்கலாம், அது நம்முடையது. முகத்தில் அடித்தாற்போல் மறுத்தால், அதுவும் பிரேக், ஸ்டியரிங் போன்ற உயிர்ப் பிரச்சினை என்றால், எழுத்தில் புகார் கொடுப்பது பழிவாங்கல் ஆகாது. சிக்கல் ஒன்று மிச்சமிருக்கிறது. வேலையைச் செய்தது கடையிலிருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையனாக இருக்கும், நாம் வாயைத் திறந்தால் அவன் சீட்டுக் கிழியும். அதற்காகப் பழுதை மறைக்கக்கூடாது, அவனைக் காட்டிக்கொடுக்கவும் தேவையில்லை. கூலியை வாங்கிப் பெட்டியில் போட்டவர் முதலாளி. வண்டியை விட்டது அவரை நம்பி. எந்த நட்டு தளர்ந்திருந்தது என்பதை அவரிடம் சொன்னால் போதும், யார் இறுக்கியது என்ற கேள்விக்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை.