வாடை வரும் வழி

கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையோரம் நிற்கும் விசைப்படகில் கால் வைத்ததும் மூக்கில் ஏறுவது டீசல் வாடை. சற்று நேரத்தில் மூக்கு பழகிவிடும். வாடை போய்விட்டதாக மனமும் நம்பிவிடும். பழகிப்போனதெல்லாம் நீங்கிப்போனது ஆகாது.

சாம்பிராணி போட்டால் வாடை அமுங்கும், கசிவு அடங்காது. அடியில் தேங்கிய நீரை இறைத்துக் கொட்டினால் ஒருநாள் தாங்கும். நீரைவிட லேசான டீசல் மறுநாளும் மேலே மிதந்து மினுங்கும். எல்லாவற்றையும் துடைத்து உலர்த்திவிட்டு, தொட்டியிலிருந்து இன்ஜின் வரை குழாயை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். முதலில் ஈரம் தட்டுகிற இடமே பதில். பெரும்பாலும் அது தேய்ந்த வாஷர், அல்லது தளர்ந்த கிளாம்பு.

சிதம்பரம் கோயிலில் ரகசியத்தின் திரை விலகினால் தெரிவது வெட்டவெளி. உறவில் மூண்ட புகைச்சலும் அந்தப் படகின் வாடை போலத்தான்; அதன் திரையை விலக்கினாலும் பெரிதாக எதுவும் இருப்பதில்லை. என்றோ தளர்ந்து, யாரும் இறுக்காமல் விட்ட ஒரு முடிச்சு மட்டும்.